சிவக்காத குழாய்

ஆய்வகத்து சென்ட்ரிஃபியூஜ் கருவி சுற்றி முடிப்பதற்குள் சிந்துஜா மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே சுழல்வது அவளுடைய சொந்த ரத்தம். கூடவே, செயற்கை நுண்ணறிவு வடிவமைத்துக் கொடுத்த ஒரு பெப்டைடு. இயற்கையில் எங்கேயும் இல்லாத புரதத் துணுக்கு.

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அது நேற்றே கொன்றுவிட்டது. கிருமியைக் கொன்ற கையோடு மனித ரத்தத்தையும் கொல்லுமா என்பதுதான் இன்றைய கேள்வி. கொன்றால் குழாயில் மேலே நிற்கும் நீர் சிவந்துவிடும். இல்லாவிட்டால் தெளிந்து நிற்கும்.

அதே இனக் கிருமிதான் கடலூர் ஆஸ்பத்திரியில் அவள் அப்பா சாமிக்கண்ணுவின் காலைத் தின்றுகொண்டிருந்தது. காடாம்புலியூர் முந்திரிக் காட்டில் முள் குத்தி வந்த சக்கரைப் புண். காலை இன்றே வெட்டி எடுத்தால் உயிர் தப்பும் என்று டாக்டர்கள் கெஞ்சுகிறார்கள்.

சாமிக்கண்ணு பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை.

“எம் பொண்ணு சிதம்பரத்துல கம்ப்யூட்டர வச்சே மருந்து பண்ணுது. அது என்னாச்சுன்னு தெரியாம கால தொட வுடமாட்டேன்” என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். போன மாதம் பெருமைக்கு அவரிடம் எல்லாவற்றையும் அளந்தது சிந்துஜாதான்.

கருவி நின்றது. நடராஜரை வேண்டிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

ரத்த அணுக்கள் அடியில் சிவப்பாய்ப் படிந்திருந்தன. மேலே நீர் தெளிந்து நின்றது.

எட்டிப் பார்த்த பேராசிரியர் கார்த்திகேசன் கைதட்டிவிட்டார்.

“ஜெயிச்சிட்டம்மா! இனிமே எலி, அப்புறம் மனுசங்க. எல்லாம் ஒழுங்கா போனா பத்து வருசத்துல மருந்துக் கடைக்கே வந்துடும்!”

ஆய்வகமே கூடிவிட்டது. யாரோ ஸ்வீட் வாங்க ஓடினார்கள்.

சிந்துஜாவுக்கு அழுகை முட்டியது. அவள் வேண்டிக்கொண்டது இதற்கல்ல; சிவந்தால்தான் அப்பா கையெழுத்துப் போடுவார்.

கைபேசி அடித்தது. அப்பா.

“என்னம்மா, தெளிஞ்சுதா?” காய்ச்சலில் குரல் நடுங்கியது.

குழாயைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தாள்.

“செவந்துடுச்சுப்பா. மருந்து தோத்துப்போச்சு. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க.”



“போனாப் போவுது வுடும்மா. அடுத்தது ஜெயிக்கும். இதுக்குப் போயி நீ அழுவாத,” என்றார்.

பிறகு யாரிடமோ பேனா கேட்டார்.