எட்டு மாத உப்பு

மூடி அவ்வளவு இறுக்கமாக இருந்தது. ஹலினா இடுக்கி கொண்டுதான் அதைத் திறக்க முடிந்தது.

பாட்டிலின் கழுத்தில் ஒட்டிய நாடாவில் ஸெனோனின் கையெழுத்து. விரிகுடா, நடுப்புள்ளி, ஐம்பது மீட்டர் ஆழம், காலை பதினொன்று இருபது. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

உப்பு அளக்கும் கருவியின் குழாயை உள்ளே விட்டாள்.

வாசலில் ராடெக் நின்றிருந்தான். ஈரக் காலணியைக்கூடக் கழற்றவில்லை. ஸெனோனின் படகை இழுத்து வந்தவன் அவன்தான். எஞ்சின் நின்றுபோய், அலையில் நனைந்து, பாட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஸெனோன் உறைந்து செத்துக் கிடந்தான். அந்தக் கைகளை விலக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இருபத்தெட்டு வருடங்களாக இந்த அண்டார்டிக் ஆய்வு நிலையத்தில் மாதம் தவறாமல் அதே இடத்தில் நீர் எடுக்கிறார்கள். அந்த ஆழத்தில் உப்பு கிலோவுக்கு முப்பத்து நான்கு கிராமுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இந்த வருடம் எட்டு மாதமாக ஸெனோன் கொண்டுவந்த நீர் முப்பத்து மூன்றில் நின்றது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் ஆய்வுத் தலைவி ஹலினா கேட்டாள்.

“பீட்ரூட் சூப்புலகூட இதவிட உப்பு இருக்குமே ஸெனோன். குளிருக்குப் பயந்து கரையோரம் பனி உருகுற எடத்துலயே மொண்டுட்டு வந்துடுறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஸெனோன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“வர்ற வழியில உப்ப நான் நக்கிட்டா வர்றேன், டாக்டர்? கடல் குடுக்கறதத்தான் கொண்டாறேன்.”

கூடப் போனது நான்தான் என்றான் ராடெக். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்தே ஏமாற்றுகிறீர்கள் என்றாள். அன்றே பதிவேட்டில் எட்டு மாதத்து எண்களையும் கோடு போட்டு அடித்தாள். ஸெனோன் பொய்யன் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள்.

இன்று காலை காற்று பலமாக இருந்தது. படகில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. சாட்சிக்கு ஆள் வேண்டாம், ஜி.பி.எஸ். போதும் என்று ஸெனோனைத் தனியாக அனுப்பினாள்.

அவன் நடுப்புள்ளிக்கே போயிருந்தான். ஜி.பி.எஸ். அதைக் காட்டியது.

கருவி முனகியது. எண் வந்தது.

முப்பத்து மூன்று புள்ளி ஒன்று.

மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள். அதே எண்.

கடலே நீர்த்துப் போயிருந்தது.

“எவ்ளோ வந்துச்சு?” ராடெக் கேட்டான். “அவன் அம்மாவுக்கு ஃபோன் பண்ணணும் டாக்டர். உங்க பையன் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை நான் சொல்லணும்.”

ஹலினா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வெளித்தண்ணி கலந்துடுச்சு, ராடெக். ஒரு மூடியக்கூட அவனுக்கு ஒழுங்கா மூடத் தெரியல.”

ராடெக் போய்விட்டான்.

அவள் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். பதிவேட்டைத் திறந்து, இந்த மாதத்துக்கு நேரே எழுதினாள்.

‘வானிலை மோசம். நீர் எடுக்கப்படவில்லை.’

மை காயும்வரை பக்கம் புரளாமல் இருக்க, இடுக்கியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.