ஜூன் பதிமூன்றைத் தாண்டினால்

மூன்றாவது முறையாக மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாள் சுகிர்தா.

திரை திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

காலை எட்டு மணியிலிருந்து ரத்த வங்கியின் மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. பிரசவ வார்டிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. குளிர்பெட்டியில் அந்த வகையில் ஐந்து பைகள் இருந்தன. எது பரிசோதனை முடிந்தது, எது யாருக்கு ஒதுக்கியது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

"வருமா வராதா, ஒண்ணு சொல்லு சுகிர்தா" என்றாள் லேப் டெக்னீஷியன் தங்கபுஷ்பம். "அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல."

ஒரு வழிதான் மிச்சம். மூல நிரலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

அந்த நிரலை எழுதியவர் எபனேசர் அண்ணன். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு வருடம் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அவள் தம்பி கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியவர். ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மென்பொருள் தொழில் தொடங்கப் போனார்.

அந்தக் கோப்புகளை அவள் இதுவரை திறந்ததே இல்லை. எது கெட்டாலும் அண்ணன் இருந்தார்.

திறந்தாள்.

பைகளின் காலாவதித் தேதியைச் சரிபார்க்கும் பகுதி. அதன் நடுவே, சம்பந்தமில்லாமல் இரண்டு வரி.

இன்றைய தேதி ஜூன் பதிமூன்றைத் தாண்டினால், நிறுத்து.

இன்று பதினான்கு.

மறுபடி படித்தாள்.

சோதித்துப் பார்க்க எழுதியிருப்பார். எடுக்க மறந்திருப்பார். அவசரமாகக் கிளம்பினார் இல்லையா. அப்படித்தான் இருக்கும்.

இரண்டு வரிகளையும் நீக்கினாள். மென்பொருளைப் புதிதாகக் கம்பைல் செய்தாள். எழுத்துகள் மேலே மேலே ஏறிப் போயின. எங்கோ ஓரிடத்தில் நின்றன. அவளும் மூச்சை நிறுத்தினாள். பிறகு மறுபடி ஏறின.

திரை திறந்தது.

மூடவில்லை.

ஓ நெகட்டிவ். பரிசோதனை முடிந்தவை இரண்டு. நான்காம் தட்டு.

தங்கபுஷ்பம் பைகளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சுகிர்தா நாற்காலியில் சாய்ந்தபோது கைபேசி அடித்தது. எபனேசர் அண்ணன். வேலையை விட்டுப் போனபின் அவர் கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

"சும்மாதான் கூப்ட்டேன் சுகிர்தா. அங்க எதும் பிரச்சனையா?"

"இல்லண்ணே. எல்லாம் நல்லா ஓடுது."



"அதெப்படி?" என்றார்.