நான்காவது பெயர்

தாலுகா அலுவலகத்தில் வரிசை நகரவே இல்லை.

கீதாஞ்சலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றாள். மறுபடி இடது காலுக்கு வந்தாள். ஊரடங்கில் பன்னிரண்டு மணிக்குமேல் வெளியில் நடமாடினால் போலீஸ் பிடிக்கும். அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டுக்கு நடந்தேதான் திரும்ப வேண்டும். ஷேர் ஆட்டோ ஓடி ஒரு மாதமாகிறது.

ரேஷன் அட்டை இல்லாத திருநங்கைகளுக்கு அரசு கொரோனா நிவாரணமாக இரண்டாயிரம் ரூபாய் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நந்தினிக்கு முந்தாநாளே கிடைத்துவிட்டது. கீதாஞ்சலியை மட்டும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டிருந்தவள். பௌர்ணமிக்கு யாரும் மலையைச் சுற்றக்கூடாது என்று தடை போட்டுப் பதினைந்து மாதம் ஆகிவிட்டது. வீட்டில் கேஸ் தீர்ந்து நான்கு நாள்.

முன்னால் நின்றவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வைத்திருப்பவனுக்கும் இரண்டாயிரம், கூலிக்காரனுக்கும் இரண்டாயிரமா என்றார் ஒருவர். கொடுப்பதை ஒரே தடவையில் கொடுத்தால் என்ன என்றார் இன்னொருவர். தனக்கு வந்த பணம் வந்த அன்றே பால்காரருக்குப் போய்விட்டது, ஆனால் அதுவும் இல்லையென்றால் குழந்தைக்குப் பால் நின்றிருக்கும் என்றாள் ஒரு பெண்.

யாரோ கீதாஞ்சலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இவங்களுக்குத் தனியா வேறயா என்று பொதுவாகக் கேட்டார்கள். அவள் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஏழு படி இருந்தது. மூன்று முறை எண்ணினாள்.

ஒருவழியாக ஜன்னலுக்கு வந்தாள்.

கணினி முன்னால் இருந்த பெண் அலுவலர் இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். ஆதார் நகலை நுனி விரலால் வாங்கி எண்ணைத் தட்டினார். எனக்குக் குடும்பம் இல்லை, எந்த அட்டையிலும் பெயர் இல்லை என்று மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள்தானே என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

அலுவலர் திரையிலிருந்து ஒரு பெயரை வாசித்தார்.

ஏழு வருடமாக யாரும் அவளைக் கூப்பிடாத பெயர். அவளுக்குக் காது சூடானது. வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்து அட்டை அது. குடும்பத் தலைவர் சுப்பன். மனைவி, ஒரு மகள். நான்காவதாக ஒரு மகன். அந்த மகனின் ஆதார் எண்ணும் இவள் கையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதான்.

பழைய அட்டையாக இருக்கும் என்றாள் கீதாஞ்சலி.

இல்லையாம். இரண்டாயிரத்துப் பதினேழில் ஸ்மார்ட் அட்டை போட்டபோது, ஆதார் நகல் கொடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் வீட்டை விட்டு வந்தது பதினாலில். அன்று காலையில் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போன அப்பா, அவள் கிளம்பும்வரை வீடு திரும்பவில்லை. அதற்கப்புறம் இரண்டு முறை போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார்.

பின்னால் நின்ற வேட்டிக்காரர் எட்டிப் பார்த்து விளக்கம் சொன்னார்.

"ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி. உன் பேர்ல மாசாமாசம் வாங்கினு இருக்கறாங்க. சும்மா எடுப்பாங்களா பேர?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆள் வேண்டாம், ஆளுடைய அரிசி மட்டும் வேண்டும். இங்கே பசிக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்த நாள்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"பேர எடுத்துடுங்க மேடம்" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

குடும்பத் தலைவர் சம்மதிக்க வேண்டும், அவருடைய போனுக்கு ஒரு எண் போகும், அதை அவர் சொன்னால் இப்போதே நீக்கிவிடலாம் என்றார் அலுவலர். தொற்றுக்குப் பயந்து அவர் போனைக் காதில் வைப்பதில்லை போலிருக்கிறது. மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. கீதாஞ்சலி வாசலைப் பார்த்தாள். ஓடிவிடலாம் என்று இருந்தது.

எடுத்தது அப்பாதான்.

உங்கள் மகன் பெயரை அட்டையிலிருந்து நீக்க மனு வந்திருக்கிறது, போனில் வரும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள் என்றார் அலுவலர்.

அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார் சுப்பன். சத்தம் நின்றது.

"அரிசிய வேணா கம்மி பண்ணிக்கங்கம்மா. பேரு இருக்கட்டும்."

அப்படியெல்லாம் செய்ய முடியாது, பெயர் இங்கே இருந்தால் உங்கள் மகனுக்கு நிவாரணம் கிடைக்காது என்றார் அலுவலர். குரலில் அலுப்பு தெரிந்தது.

லைன் கட் ஆகிவிட்டதா என்று அலுவலர் குனிந்து பார்த்தார்.

"அவ அங்கதான் நிக்கறாளாம்மா?"

அலுவலர் திரையைப் பார்த்தார். மகன் என்றுதான் அதில் போட்டிருந்தது. நிமிர்ந்து கீதாஞ்சலியைப் பார்த்தார்.

பிறகு போனை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

சீக்கிரம் ஆகட்டும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கீதாஞ்சலி மேஜைமேல் இருந்த தன் மனுவைத் திரும்ப எடுத்து நான்காக மடித்துக்கொண்டாள். போனை நோக்கிக் குனிந்தாள்.