பாடும் வரை பயமில்லை

குருவி பாடிக்கொண்டிருந்தது. அதனால் அவள் தைரியமாகக் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, கேமராவோடு புதருக்குள் தவழ்ந்தாள்.

வனக்காவலர் காலையிலேயே தடுத்துப் பார்த்தார். “சிறுத்தை குட்டி போட்டிருக்கும்மா. இன்னொரு நாள் வாங்களேன்.”

கேட்கிற ஆளா அவள்? மூன்று வருஷமாக அந்தக் குருவி அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறது. சருகு நிறம், சருகுக்கு அடியிலேயே எலி மாதிரி ஓட்டம். குரலைக் கேட்டவர்கள் உண்டு, படம் எடுத்தவர்கள் இல்லை.

காவலர் பெருமூச்சு விட்டார். “சரி, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. அது பாடற வரைக்கும் பயமில்ல. சிறுத்தை பக்கத்துல இருந்தா அது மூச்சே விடாது. பாட்டு நின்னா அப்படியே திரும்பிடுங்க.”

கணவன் அப்போது ஜீப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பறவைக் குரல்களைப் பதிவு செய்வது அவன் தொழில். ஆனால் காட்டுக்குள் கால் வைத்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். அதனால் அவனை ஹெட்போனும் கையுமாக ஜீப்பிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

புதருக்குள் பாட்டு நெருங்கியது. முடியும்போதெல்லாம் ‘ஹச்’ என்று பொடியாக ஒரு சத்தம். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பூரித்துப் போனாள்.

திடீரென்று குப்பென்று ஒரு நெடி அடித்தது. எங்கோ ஒரு குச்சி முறிந்தது. அவள் தவழ்வதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

குருவி பாடியது. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தாள். “ஏங்க, கை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு! பாட்டு முடிஞ்சதும் ‘ஹச்’சுன்னு ஒரு சத்தம் வேற போடுதுங்க.”

பதிலுக்கு முதலில் வந்தது அவன் தும்மல்தான். அதே ‘ஹச்’.

முதுகுக்குப் பின்னால் சருகு மெல்ல நசுங்கியது.

“கண்டுபிடிச்சிட்டியா?” அவன் அசடு வழியச் சிரித்தான். “ஏமாத்து வேலை உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும், திட்டாதம்மா. என் பழைய பதிவு பாடட்டும்னு நேத்தே வந்து அங்க ஸ்பீக்கர் கட்டி வெச்சுட்டேன். அதுவும் நல்லதாப் போச்சு, நாம வந்ததுலேருந்து நிஜக் குருவி வாயே தொறக்கலையே!”