நடத்தை சரியில்ல

“உங்க பய நடத்தை சரியில்ல சார். நேர்ல வந்து என்னன்னு கேளுங்க.”

சோணையம்மாள் போனை வைத்துவிட்டாள்.

பசுமலையில் ஒரு சிறுவர் இல்லத்தில் வார்டனாக இருக்கும் பாலமுரளிக்குத் தலையை வலித்தது. பதினெட்டு முடிந்த பையன்களுக்கு வேலை பார்த்துச் சேர்த்துவிடுவது அவர் பொறுப்பு. சேர்த்துவிட்ட இடத்திலிருந்து வந்த போன் எதுவும் நல்ல சேதியாக இருந்ததே இல்லை.

இந்த சூரியபிரகாஷை ஏற்கெனவே இரண்டு கடைக்காரர்கள் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். சோணையம்மாள்தான் வேலையும் கொடுத்து, மாடியில் படுக்க இடமும் கொடுத்தாள். அவளும் கைவிட்டால் அவன் தெருவில்தான் நிற்க வேண்டும். வயது தாண்டியவனை இல்லத்தில் திரும்பச் சேர்க்க முடியாது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பேக்கரி முதலாளியிடம் பேசி வைத்துவிட்டுத்தான் வில்லாபுரத்துக்கு வண்டியை எடுத்தார்.

இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு வீடு வீடாகக் கொடுக்கிற கடை. சோணையம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள்.

“கல்லாவுல கை வச்சுட்டானாம்மா?”

“சீச்சீ! அதுல அவன் தங்கம்.”

“மாவு போடப் போற வீட்டுல ஏதும் வம்பா?”

“அம்புட்டு வீட்டுக்கும் இவன்தான் வேணுமாம்.”

“பின்ன என்னதான் பிரச்சினை?”

“வாய் சார், வாய்! கெளம்புறப்பல்லாம் வாசல்ல நின்னு ‘போறேன் மேடம்’ங்கிறான். வெளக்கு வைக்கிற நேரத்துலயும் போறேன்! ‘போயிட்டு வாரேன்’னு சொல்லுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!”

பாலமுரளிக்கு எரிச்சலாக வந்தது. சகுனம் பார்த்தா ஒரு பையன் பிழைப்பைக் கெடுப்பார்கள்?

அதற்குள் சூரியபிரகாஷ் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கினான். சாரைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

“ஏன்டா, ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா?”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“முன்ன இருந்த ரெண்டு கடையிலயும் ‘வாரேன்’னு சொல்லிட்டுத்தான் சார் கெளம்புனேன். திரும்பி வந்தா, ‘இனிமே வர வேணாம்’னுட்டாங்க. வாரேன்னு நாமளா எப்படி சார் சொல்றது? வான்னு அவங்கல்ல சொல்லணும்.”

பாலமுரளிக்கு இதற்கு மேல் அந்தப் பிள்ளையை அங்கே நிறுத்தி வைக்க மனசு வரவில்லை.

“விடுறா. வேற இடம் பேசிட்டேன். துணிமணியை எடுத்துட்டு வா.”

ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை. மாடிக்குப் போன வேகத்தில் பையோடு இறங்கி வந்தான். வந்த நாளிலிருந்து அதை அவன் பிரிக்கவே இல்லை போலிருக்கிறது.

“போறேன் மேடம்.”

சோணையம்மாள் பாய்ந்து வந்து பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இவனைக் கூட்டிட்டுப் போங்கன்னு யாரு சார் சொன்னா? இவன் போறேன்னுட்டுப் போனா, வண்டிச் சத்தம் திரும்பக் கேக்குற வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி எறங்க மாட்டேங்குது. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுவீங்கன்னுதானே வரச் சொன்னேன்!”

சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் நின்றது.

“விருந்தாளியத்தான்டா வான்னு கூப்பிடணும். வீட்டுப் பிள்ளைய எவளாச்சும் வான்னு கூப்பிடுவாளா?”