கீரைத் தொட்டி சொன்னது

தொட்டிச் செடிகள் பேச ஆரம்பித்த பிறகு, தில்லைநாயகி மாடியில்தான் குழந்தைக்குக் கீரை மசித்த சோறு ஊட்டினாள். கீரையில் நேற்றுவரை மொய்த்த பூச்சி இன்று ஒன்றுகூட இல்லை.

“என் இஞ்சி பூண்டுக் கரைசலுக்கு இவ்வளவு வீரியமா?” என்று தொட்டியிடம் பெருமையாகக் கேட்டாள்.

“அது இல்லக்கா. அண்ணன் கடையில வாங்கின பூச்சி மருந்தை அடிச்சார். நீங்களாக் கேட்டாத்தான் சொல்லணும்னார்.”

துணி உலர்த்திக்கொண்டிருந்த கணவன் குமரவேல் திரும்பினான். “செடி வாடினா நீயும் வாடிப்போறே. அதான்...”

அவள் தொட்டியைத்தான் கேட்டாள்: “பிள்ளை சாப்பிடுற கீரைன்னு அவர்கிட்டச் சொன்னியா?”

“சொன்னேன்க்கா. கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னார்.”

தில்லைநாயகி குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு, மசித்த கீரையை வழித்தெடுக்கத் தொடங்கினாள்.