லூர்துராஜுக்கு எதிராக லூர்துராஜ்

வியாசர்பாடி கால்பந்து கிளப்பில் கோச் எந்த முடிவெடுத்தாலும், பழைய ஜாம்பவான் கோச் ஒருவரின் குரலில் மைதான ஓரத்து ஏ.ஐ. பெட்டி மாற்று முடிவு சொல்லும். இப்போதைய கோச் லூர்துராஜுக்கு வாய்த்த ஜாம்பவான், முப்பது வருடத்துக்கு முந்தைய அவரேதான்.

இடைவேளையில், கணுக்கால் வீங்கிய கபிலனை அவர் வெளியே உட்காரவைத்தார்.

"ஊசி போட்டு இறக்கு," என்றது பெட்டி.

"பழைய லூர்துன்னா இறக்கியிருப்பாரு," என்று கேலரி முணுமுணுத்தது.

அவருக்கு ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. பெட்டியிடம் குனிந்தார்.

"அந்தக் காலத்து பைனல்ல எட்வினை அப்படித்தான இறக்குன. என்னா ஆச்சு?"

"கோல் அடிச்சான். கப்பு நமக்கு."

"அதுக்கப்புறம்?"

"கப்பு வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

கபிலனின் காலுக்கு ஐஸ் எடுத்துக்கொண்டு, தன் வலது காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தான் தலை நரைத்த எட்வின்.